மூச்சை இழுத்து விடாதீங்க

என் குரலை நானே ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஒரு தடவைகூட அலுத்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இனிமேல் சொல்லப்போவதில்தான் வெட்கப்பட வேண்டிய சங்கதிகள் இருக்கின்றன.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. டெக்னீஷியனாக இருந்தேன். மெஷின் புதிதாக வந்தபோது அதற்குள் இங்கிலீஷிலும் இந்தியிலும் ஒரு பெண் பேசினாள். நோயாளி படுத்ததும் மூச்சை இழுக்கச் சொல்வாள், பிடித்துக்கொள்ளச் சொல்வாள், படம் எடுத்து முடிந்ததும் விடச் சொல்வாள். நம் ஆட்களுக்கு அது புரியாது. சரியாகப் படம் எடுக்கிற நேரம் பார்த்துத் தலையைத் தூக்கி "இன்னா சொல்றாங்க?" என்பார்கள். படம் கலங்கிப் போகும். தமிழில் யாராவது பேசிப் பதிவு செய்துவிடுங்கள் என்று கம்பெனியிலிருந்து வந்த ஆள் மைக்கை நீட்டினார். அறையில் மூன்று பேர் இருந்தோம். மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் நான் வாங்கிக்கொண்டேன்.

அப்படி வாங்கிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் மைக்கில் செய்தி வாசித்தவள் நான். படிப்பு முடிந்ததும் ரேடியோவில் அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "மூக்கால பேசறீங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எந்த ரேடியோவில் எந்தப் பெண் பேசினாலும் எனக்கு வயிறு எரியும். மெஷினுக்குள் இருந்த இந்திக்காரி மேல்கூட எனக்குப் பொறாமை இருந்தது. அவளை அழித்துவிட்டு அந்த இடத்தில் என் குரலை ஏற்றினேன். "மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள். அப்படியே அடக்கிக்கொள்ளுங்கள்." கொஞ்சம் இடைவெளி. "இப்போது மூச்சை விடலாம்."

அதற்கப்புறம் எனக்கென்று ஒரு புகழ் வந்தது. சிரிக்காதீர்கள். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே விலை கேட்டேன். பக்கத்தில் நின்றவர் சட்டென்று திரும்பி, "மேடம், நீங்க ஸ்கேன் சென்டர்ல மூச்சு புடிக்கச் சொல்றவங்கதானே?" என்றார். அன்றைக்கு அரைக் கிலோ வாங்கப் போனவள் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் மட்டும், "வீட்லயும் அதேதான் சொல்றா, மூச்சு விடாதன்னு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கொரோனா வந்தது. முதல் அலையில் எங்கள் வாசலில் காலை ஏழு மணிக்கே வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. உடம்பு முழுக்க மூடிய கிட்டைப் போட்டுக்கொண்டு, நோயாளியைப் படுக்கவைத்து, படம் எடுத்து, மேஜையைத் துடைத்து, அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். என் பழைய பதிவு நீளமாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் சில விநாடி என்றாலும் நாள் முழுக்கக் கூட்டினால் நிறைய. இருமுகிறவர்களால் அத்தனை நேரம் காத்திருக்கவும் முடியவில்லை. சுருக்கமாக ஒன்று பேசி ஏற்றிவிடலாம் என்று நானேதான் முடிவு செய்தேன். முகத்தில் இரண்டு மாஸ்க், மேலே ஒரு கண்ணாடித் தடுப்பு, வெளியே கூட்டம். மைக்கை அழுத்தி, "மூச்சை இழுத்து, விடாதீங்க" என்றேன். அவ்வளவுதான். நறுக்கென்று இருந்தது. எனக்கே பிடித்துப்போயிற்று.

அந்த நாட்களில் நுரையீரலுக்கு மார்க் போட்டார்கள். நுரையீரலில் ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து, மொத்தம் இருபத்தைந்து. மார்க் ஏறினால் ஆபத்து. அதிக மார்க் வாங்கியே பழகிய ஜனங்களுக்கு இது சட்டென்று பிடிபடவில்லை. எங்கள் தெருவில் இருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருபத்தைந்துக்கு மூன்று என்றதும் முதலில் முகம் வெளிறிவிட்டார். விளக்கிச் சொன்ன பிறகு தெருவெல்லாம் போன் போட்டுச் சொன்னார். மறுநாள் அவர் மனைவிக்கு இரண்டு வந்தது. அந்த மனிதருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான் என்று எனக்குத் தோன்றியது. பொறாமை எந்த முகத்தில் இருந்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

படத்தில் காற்று கறுப்பாகத் தெரியும். நல்ல நுரையீரல் கறுப்பு. நோய் பிடித்த இடம் வெளுத்து, பாத்ரூம் ஜன்னலுக்குப் போடுகிற தேய்த்த கண்ணாடி போலத் தெரியும். பெரும்பாலும் முதுகுப் பக்கத்தில், கீழ்ப்பகுதியில் அது ஆரம்பிக்கும். சிக்கல் என்னவென்றால், மூச்சை உள்ளே இழுக்காமல் வெளியே விட்டுவிட்டுக் கிடந்தால், காற்று குறைந்த நுரையீரலும் அதே முதுகுப் பக்கத்தில் அதே மாதிரி வெளுக்கும். எது நோய், எது காற்றுக் குறைவு என்று பார்க்கிறவர் தடுமாற வேண்டியதுதான். அதனால் மூச்சைப் பிடிக்கவைப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

இரண்டாவது அலையின்போதுதான் அவள் வந்தாள்.

கோவளம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துப் பெண். முப்பது வயது இருக்கும். வேறொரு சென்டரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். காலை ஷிஃப்ட் எனக்கு, மதியம் அவளுக்கு. கை மாற்றுகிற நேரத்தில் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து இருப்போம். அவள் அம்மா மேடவாக்கத்தில் கூடை வைத்து மீன் விற்றவர். அந்தத் தொண்டை மகளுக்கு வந்திருந்தது. அதைக் குரல் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.

முதல் நாள், என் கண் முன்னாலேயே, மெஷின் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த கன்சோலில் உட்கார்ந்தவள் பதிவுக் குரலுக்கான பட்டனை அணைத்தாள். பிறகு மைக்கை அழுத்தி, உள்ளே படுத்திருந்த ஒரு பெரியவரிடம் பேசினாள். "நைனா, பயப்படாத. நல்லா மூச்ச உள்ள இஸ்துக்கோ. இன்னும் கொஞ்சம். ஆங், அப்டியே புட்சிக்கோ. இரு, இரு, இரு. ம், வுடு." பெரியவர் கல் மாதிரி கிடந்தார். படம் துல்லியமாக வந்தது.

"பதிவு இருக்கே, ஏன் அணைச்சே?" என்றேன்.

"இப்டியே பழகிட்டேன்க்கா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைத் துடைக்கப் போய்விட்டாள்.

எனக்குப் புகைய ஆரம்பித்தது அன்றைக்குத்தான். என் குரலை அணைத்தது ஒரு பக்கம். அவள் அணைத்த பிறகு படம் நன்றாக வந்ததுதான் தாங்கவில்லை. அடுத்து வந்தவர்கள் எல்லோரையும் அவள் அண்ணா, அக்கா, பெரீம்மா என்று உறவு சொல்லித்தான் கூப்பிட்டாள். மாடம்பாக்கத்திலிருந்து காரில் வந்த ஒரு நிலபுலக்காரரை "இன்னா மாமா, சட்டையில பொத்தான் கீதா, கயட்டு" என்றாள். அவர் முறைக்கப்போகிறார் என்று ஆசையோடு காத்திருந்தேன். சிரித்துக்கொண்டே கழற்றினார். போகும்போது அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைக் காய்கறிக் கடையில் கண்டுபிடித்தவர்கள் உண்டு, கும்பிட்டவர்கள் இல்லை.

எங்கள் டாக்டர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். அந்த வாரம் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், உங்க ஷிஃப்ட் படம் நிறைய மூச்சு வெளிய விட்டு எடுத்த மாதிரி இருக்கு. மூச்சுக்குழாயோட பின்சுவர் முன்னால வளைஞ்சிருக்கு பாருங்க. மூணு பேருக்குத் திரும்ப எடுக்கணும்."

"காலையில முடியாத கேஸா வருது டாக்டர். மூச்சு பிடிக்க முடியலை அவங்களால" என்றேன்.

"இருக்கலாம். நானும் இத்தனை நாள் அப்படித்தான் நெனச்சேன். ஆனா இப்போ மத்தியானப் படம் எல்லாம் நீட்டா வருது" என்றார் அவர்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. எட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான், நேற்று வந்தவள் அவள், என்று ரயில் கேட்டில் நின்றபோதும், வீட்டில் துணி மடித்தபோதும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவ எப்படித்தான் சொல்றா, கேட்டுப் பாரேன்" என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

கேட்டுப் பார்க்காமல் இல்லை. கேட்டேன். கதவுக்கு வெளியே நின்று அவள் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். வீட்டில் குளியலறையில் நின்று "இஸ்துக்கோ, புட்சிக்கோ" என்று சொல்லிக்கூடப் பார்த்தேன். என் வாயில் அது கேலி செய்வது போல ஒலித்தது. அவளுக்கு அது எப்படி அன்பாக ஒலிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, புரியாததால் இன்னும் எரிந்தது.

பிறகு நான் செய்ததுதான் இந்தக் கதையில் மோசமான காரியம். டாக்டருக்குப் போன் செய்து, புதிதாக வந்த பெண் நோயாளிகளை நீ, வா, போ என்று மரியாதையில்லாமல் பேசுகிறாள், சென்டருக்குக் கெட்ட பெயர் வரும் என்று சொன்னேன். யாரும் புகார் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். எல்லோரும் பதிவுக் குரலையே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு விதி போடலாமா என்று கேட்டேன். அவருக்கு ஒரு நாளைக்கு அத்தனை படம். "சரி மேடம், நீங்க சீனியர், பார்த்துக்கோங்க" என்றார். நான் ஒரு தாளில் விதியை எழுதி கன்சோல் பக்கத்தில் ஒட்டினேன்.

அவள் அதைப் படித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அக்கா, அந்தப் பதிவுல..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"என்ன பதிவுல?" என்றேன்.

"ஒண்ணும் இல்லக்கா. சரிக்கா" என்றாள்.

அடுத்த சில நாட்களில் மதிய ஷிஃப்ட் படங்களும் கலங்கின. டாக்டரிடமிருந்து அவளுக்கும் போன் வந்தது. நான் கொடுத்துவைத்தவள் போல டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். பார்த்தாயா, கேஸ்தான் அப்படி, குரலில் ஒன்றுமில்லை, நீயும் என்னைப் போலத்தான் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம்.

அந்த நாட்களில் ஒருநாள் மேடவாக்கத்திலிருந்து ஒரு தண்ணி லாரி டிரைவர் மனைவியோடு வந்தார். மதிய ஷிஃப்ட், அவள்தான் படம் எடுத்தாள், என் விதிப்படி, என் குரலில். கூட்ட நெரிசலில் ஃபிலிமைக் கையில் கொடுத்து அனுப்பினோம், ரிப்போர்ட் பிறகு போனில் வரும் என்று சொல்லி. ரிப்போர்ட் வருவதற்குள் அந்த மனைவி தெருமுனை டாக்டருக்குப் படத்தைப் போனில் அனுப்பியிருக்கிறார். அவர் வெளுப்பைப் பார்த்துவிட்டு, பாதி நுரையீரல் போய்விட்டது, உடனே ஆக்சிஜன் பெட் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா புருஷனை ஆட்டோவில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக வாசலில் நின்றிருக்கிறார். எங்கேயும் இடம் இல்லை. அதற்குள் எங்கள் டாக்டர் படத்தைப் பார்த்து, மூச்சை வெளியே விட்டு எடுத்தது, திரும்ப எடுங்கள் என்று எழுதினார். மறுநாள் காலை, என் ஷிஃப்ட்டில், இருவரும் திரும்ப வந்தார்கள். டாக்டர் எழுதியதைப் பார்த்துவிட்டு அவளும் அன்று சீக்கிரமாக வந்து நின்றாள். விதியைத் தாண்டி மைக்கை எடுத்தாள். நான் தடுக்கவில்லை, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு தடுக்க முடியவில்லை. "அண்ணா, இஸ்துக்கோ ண்ணா, நல்லா" என்றாள். மார்க் இருபத்தைந்துக்கு ஏழு. வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் போதும் என்றார் டாக்டர்.

அந்த அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நேத்து பூரா இவர் செத்துட்டாருன்னே நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

அப்போதும் என் மனசில் முதலில் வந்தது என்ன என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கலங்கிய படம் அவள் ஷிஃப்ட்டில் எடுத்ததுதானே, என்னுடையது இல்லையே என்பதுதான். அடுத்ததாகத்தான் அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவரத் தோன்றியது. நான் போவதற்குள் அவள் கொடுத்திருந்தாள்.

அதற்கு நான்கைந்து நாள் கழித்து எனக்கு ஜுரம் வந்தது. டெஸ்ட்டில் பாசிட்டிவ். ஆறாவது நாள் இருமல் நிற்கவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். என் வீட்டுக்காரர் என்னை வாசலில் இறக்கிவிட்டு வெளியே நின்றார். மதிய ஷிஃப்ட். அவள் இருந்தாள்.

எத்தனையோ பேரை அந்த மேஜையில் படுக்கவைத்திருக்கிறேன். நான் படுத்தது அதுதான் முதல் தடவை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கிவைத்தேன். வளையத்துக்குள் மேஜை போனது. குளிர். மேலே சுற்றுகிற சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இருப்பது படுத்த நிலையில் தெரியவில்லை. இவள் கையில் என் நுரையீரலைக் கொடுத்துவிட்டோமே, எத்தனை மார்க் வந்தாலும் முதலில் பார்க்கப்போவது இவள்தானே என்று அப்போதும் ஒரு எரிச்சல்.

என் விதியை அவள் மதித்திருந்தாள். தலைக்குப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து என் குரல் வந்தது.

"மூச்சை இழுத்துவிடாதீங்க."

நான் மூச்சை இழுக்கவில்லை. இருந்ததையும் வெளியே விட்டுவிட்டு, பயந்து, அசையாமல் கிடந்தேன். இழுத்துவிடாதே என்று அதட்டினால் யார் இழுப்பார்கள்? தொட்டுவிடாதே, விழுந்துவிடாதே என்று சொல்வோமே, அதே தொனி. கன்சோல் அறையில் உட்கார்ந்து கேட்டபோதெல்லாம் எனக்கு நடுவில் ஒரு கமா கேட்டது. நான் அதை மனசில் வைத்துக்கொண்டு சொன்னவள். குரலில் அது இல்லவே இல்லை. அவசரத்தில் விழுங்கிவிட்டிருந்தேன். மூக்கால் பேசுகிறேன் என்று சொன்னவர்கூட இந்த அளவுக்கு என்னை அவமானப்படுத்தவில்லை.

மேஜை நகரவில்லை. அதற்குப் பதிலாக மைக் கொரகொரத்தது.

"அக்கா, வயிறு உள்ள போவுது பாரு. நிறுத்திட்டேன். அந்தப் பதிவ மறந்துடு. நான் சொல்றேன், கேளு. மூச்ச நல்லா உள்ள இஸ்துக்கோ. இருமல் வந்தா வரட்டும், இருமிக்கோ. முடிஞ்சுதா? இப்போ இஸ்துக்கோ. இன்னும் இன்னும். ஆங், புட்சிக்கோ. நான் கீறேன். இரு, இரு."

பிடித்துக்கொண்டேன். மெஷின் என்னைத் தாண்டிப் போய்வந்தது. "ம், வுடுக்கா" என்றாள். விட்டேன். விட்டதோடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. காது பக்கமாக வழிந்து தலைமுடிக்குள் போயிற்று.

ஐந்து. இருபத்தைந்துக்கு ஐந்து. வீட்டில் தனியாக இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கிட்டுக்குள் இருந்த அவள் கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும்க்கா. நான் ஜாயின் பண்ண அன்னிக்கு உன் ஷிஃப்ட்ல ஒரு ஆயா வெளிய வந்து அவங்க புள்ளகிட்ட சொல்லிச்சு. 'உள்ள ஒரு பொம்பள இழுக்காத இழுக்காதன்னு மெரட்டறா'ன்னு."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

அவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உன் கொரலுக்கா அது. அது ஓடறப்போ நீயும் வாயசைச்சிகினே குந்திகினு இருப்ப. எப்டிக்கா சொல்றது? அத ஆஃப் பண்ணிட்டு நானே பேசிக்கலாம்னு பாத்தேன். அப்புறம் நீ தாள் ஒட்டிட்ட. சொல்ல வந்தேன், நீ மொறச்ச. அந்த லாரிக்காரரு விசயத்துல நான் சொல்லியிருக்கணும். எம்மேலயும் தப்பு கீது."

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"படம் கலங்குதுன்னு போன் பண்ணப்பவே அவரு கேட்டாரு. 'நீயே பேசிப் பதிவு பண்ணிடேன்'னாரு. அக்கா கொரல் இருக்கறப்போ நான் எதுக்குன்னு சொல்லிட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்கு நன்றி பொங்கியிருக்க வேண்டும். பொங்கியது பொறாமைதான். குரலும் அவளிடம், படமும் அவளிடம், இப்போது பெருந்தன்மையும் அவளிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கென்று ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம். அந்த ஜுரத்திலும் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்.

தனிமை முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று முதலில் சுவரில் ஒட்டிய தாளைக் கிழித்தேன். அவள் மைக்கை என் பக்கம் தள்ளினாள். "நடுவுல கொஞ்சம் நிறுத்தி சொல்லுக்கா. உன் கொரலே இருக்கட்டும்" என்றாள்.

எனக்கும் அதுதான் ஆசை. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். புதிய வாசகம் எழுதிவைத்திருந்தேன். "மூச்சை உள்ளே இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க." பதிவுப் பட்டனை அழுத்திப் பேசினேன். "இழுங்க" என்பதோடு எனக்கு மூச்சு முடிந்துவிட்டது. இருமல். மறுபடி பேசினேன். தொண்டையிலிருந்து வந்தது யாரோ ஒரு வயசான பெண்ணின் கரகரப்பு. ஐந்தாறு தடவை முயன்றேன். மூச்சைப் பிடிக்கச் சொல்ல எனக்கே மூச்சு இல்லை. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். குடித்துவிட்டு, மைக்கை அவள் பக்கம் திருப்பினேன்.

மைக் முன்னால் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "மூச்சினை உள்வாங்கவும்" என்று பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரி விறைப்பாகப் பேசினாள். எனக்கு ஒரு விநாடி சந்தோஷம், அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது.

"அது வேணாம்" என்றேன். "அந்த லாரிக்காரர்கிட்ட சொன்ன மாதிரி சொல்லு."

சொன்னாள். ஒரே மூச்சில், ஒரே தடவையில். மெஷின், பழைய பதிவை அழித்துவிடலாமா என்று திரையில் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்கிற பட்டனை நான்தான் அழுத்தினேன். சட்டென்று அழுத்திவிட்டேன், இல்லையென்றால் அழுத்தியிருக்கமாட்டேன்.

அன்றிலிருந்து காலை ஷிஃப்ட்டில், நான் உட்கார்ந்திருக்கிற அறையில், நாள் முழுக்க அவள் குரல். திரும்ப எடுக்கச் சொல்லி டாக்டரிடமிருந்து போன் வருவது குறைந்துபோயிற்று. காய்கறிக் கடையில் என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் ஒரு அம்மா ஸ்கேன் முடிந்து வெளியே வந்து, "உள்ள பேசினது நீங்களா? எங்க பொண்ணு பேசின மாதிரியே இருந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இல்லை, மத்தியானம் வருவாள் என்று சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடி ஒரு ஸ்கேன், நுரையீரல் தேறிவிட்டதா என்று பார்க்க. அதே மேஜை, அதே குளிர். கைகளைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்தேன். ஸ்பீக்கரில் அவள் பதிவு வந்தது. "மூச்ச நல்லா உள்ள இஸ்துக்கோ. அப்டியே புட்சிக்கோ." இழுத்தேன். அடிவயிறு வரைக்கும் போயிற்று, எங்கேயும் இடிக்கவில்லை. இருமல் வரவில்லை. மெஷின் போய்வந்து நின்றது.

"இப்போ வுடு" என்றது பதிவு.

நான் விடவில்லை. உன்னளவுக்கு எனக்கும் மூச்சு இருக்கிறது, பார்த்துக்கொள் என்று அசையாமல் கிடந்தேன். ஐந்து எண்ணினேன், பத்து எண்ணினேன். பதினைந்தில் மைக் கொரகொரத்தது. இந்தத் தடவை பதிவு இல்லை, அவளே.

"அக்கா, பாத்துட்டேன். சுத்தமா கீது. போதும், வுடுக்கா" என்றாள்.

விட்டேன்.